அலறலுக்கு மரகதம்

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்று மரகதவல்லிக்குத் தோன்றிவிட்டது. ஒலிப்பதிவு அறைக்கு வெளியே கிடந்த சோபாவில், உறை கிழிந்த இடத்தைக் கைப்பையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ ஒருவர் வில்லனின் அடியாளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது முடிந்து விளக்கு அணைந்ததும் ஏகாம்பரம் வந்து கூப்பிடுவார். எந்தப் படத்துக்கு எந்தக் குரல் என்று ஆள் சேர்த்துக் கொடுக்கிறவர் அவர்தான். அவரிடம்தான் சொல்ல வேண்டும். அதற்குள் வாக்கியத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். சார், தொண்டையில ஒரு சின்னப் பிரச்சினை. வேண்டாம், பிரச்சினை என்று சொன்னால் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று கேட்பார். சார், டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன். ஐயோ, டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். முகத்தில் இரக்கம் வரும். அந்த இரக்கத்தோடு சாயங்காலம் டீக்கடைக்குப் போவார். சாலிகிராமத்தில் ஒரு செய்தி பஸ் ஏறவே வேண்டாம், நாலு தெருவுக்குள் இருபது ஸ்டுடியோ, நடந்தே போய்ச் சேர்ந்துவிடும். மரகதத்துக்குத் தொண்டை போயிடுச்சாமே. போகவில்லை, வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வீக்கம் என்று யார் சொல்வார்கள்? போயிடுச்சு என்பதுதான் சொல்லச் சுலபம். அவள் மெதுவாக, உதடு மட்டும் அசைய, அந்த வாக்கியத்தைப் பல குரலில் சொல்லிப் பார்த்தாள். மாமியார் குரலில் சொன்னால் புகார் சொல்கிற மாதிரி இருந்தது. மருமகள் குரலில் கெஞ்சுகிற மாதிரி. இந்த ஊரில் இருக்கிற எல்லாப் பெண்ணுக்கும் ஒரு குரல் அவளிடம் இருக்கிறது, தன் ஒரு வாக்கியத்துக்குத்தான் குரல் அகப்படவில்லை.

ஏற்கெனவே ஒரு முறை தப்பாகச் சொல்லித்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்போது வயது பத்தொன்பதோ இருபதோ. கதாநாயகிக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டி மெல்லத்தான் வாசிப்பாள். அதனால் முதல் நாளே வசனத்தை வாங்கிக்கொண்டு வந்து, ஹாஸ்டல் அறையில் கூட இருந்த, அவளைப் போலவே குரல் கொடுக்க வந்திருந்த சுகிர்தாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். ஒரு எழுத்துப் பிசகாமல். சுகிர்தாவே, 'ஏய், உனக்கு இது வாயில கெடக்குடி, எழுத்தே வேணாம்' என்றாள். மறுநாள் மைக் முன்னால் நின்று, திரையில் அந்தப் பெண்ணின் வாய் திறந்ததும், மரகதம் அத்தனை உருக்கமாகப் பேசினாள். ஆனால் வாய் ஒன்று சொல்கிறது, குரல் ஒன்று சொல்கிறது. படப்பிடிப்பிலேயே வசனத்தை மாற்றிவிட்டார்களாம், புதுத்தாள் மேஜை மேலே இருந்ததாம். எடுத்துப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, 'என்னம்மா, பேப்பரைப் பார்க்கலையா?' என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் பதறிப்போய், 'எனக்கு வேகமாப் படிக்க வராது சார்' என்றாள். அதுதான் அவள் சொன்னது. அந்த வாரம் முடிவதற்குள் அது படிக்கவே தெரியாது என்று ஆகிவிட்டது. அந்தப் படத்துக்குச் சுகிர்தா பேசினாள். அதற்கு அடுத்ததற்கும் சுகிர்தா. அதன் பிறகு வந்த அத்தனைக்கும்.

சுகிர்தாவைக் குறை சொல்ல முடியாது. நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் முடியாது. அவள் ஒன்றும் தட்டிப் பறிக்கவில்லை, கூப்பிட்டார்கள், போனாள், நன்றாகப் பேசினாள். நல்ல குரல், தேங்காய்ப்பால் மாதிரி. ஒரு நாள் அவளுக்குச் சளி பிடித்திருந்தபோது கதாநாயகி கிணற்றில் விழுகிற காட்சி வந்தது. 'மரகதம், இந்தக் கத்தலை மட்டும் நீ போட்டுடேன், என் தொண்டை கிழிஞ்சிடும்' என்றாள். மரகதம் ஓடினாள். ஒரே டேக்கில் முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எத்தனை நாள் காதில் இருந்தது, அது பூட்டுப் போடுகிற சத்தம் என்று அப்போது யாருக்குத் தெரியும். அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. கதாநாயகி பேசினால் சுகிர்தா. அவளைக் கடத்தினால், அடித்தால், தீப்பிடித்தால், பேய் பிடித்தால், பிள்ளை பிறந்தால் மரகதம். ஒரே பெண்ணுக்கு இரண்டு தொண்டை. தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாது. அவளுக்குத் தெரியும். ஐயோ என்ற சொல்லின் கடைசி எழுத்தில் சுகிர்தா இறங்கிக்கொள்வாள், அங்கே மரகதம் ஏறிக்கொள்வாள். வசனத் தாளில்கூட அப்படித்தான் அடைப்புக்குள் எழுதியிருப்பார்கள், அலறல், மரகதம். இப்போது மடியில் கிடக்கிற தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சுகிர்தா ஐஸ்கிரீம் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தோளில் சாய்ந்து, 'உன்னாலதான்டி என் தொண்டை இன்னும் நல்லா இருக்கு' என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். உண்மையும் அதுதான். அதனால்தான் அது உள்ளே போய் மாட்டிக்கொண்டது, மீன் முள் மாதிரி, விழுங்கவும் வரவில்லை துப்பவும் வரவில்லை. பொய்யாக இருந்தால் அங்கேயே சண்டை போட்டிருக்கலாம். உண்மையோடு எப்படிச் சண்டை போடுவது? அவளும் சிரித்துவிட்டு, 'ஐஸ்கிரீம் சாப்பிடாதடி, கட்டிக்கும்' என்றுதான் சொன்னாள்.

பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றினாள். அதிமதுரம் போட்ட வெந்நீர், மருந்து வாசனை அடித்தது. ஒரு வாய் குடித்தபோது அந்த இடம் தெரிந்தது. நிஜமாகவே தெரிந்ததா, அல்லது டாக்டர் காட்டியதால் தெரிகிறதா? ஆயிரம் விளக்கில் அந்த டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, 'பாருங்கம்மா, இதுதான் உங்க குரல்' என்று டிவியில் காட்டினார். அவள் பயந்துகொண்டே பார்த்தாள். ஈரமான குகைக்குள் வெள்ளையாக இரண்டு பட்டை. சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. ஓரத்தில் தினை அளவு ஒரு புடைப்பு. இத்தனை கதாநாயகிகளுக்காகக் கதறியது இந்த இரண்டும்தானா! பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. பாவமாக இருந்தது, யாருக்கோ ஓடி ஓடி வேலை செய்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி. 'டீச்சரா வேலை பார்க்கிறீங்களா?' என்றார் டாக்டர். இல்லீங்க. 'மார்க்கெட்ல கடையா?' இல்லீங்க, சினிமாவுல கத்துறேன். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, 'அது கெட்ட கட்டி எல்லாம் இல்ல, பயப்படாதீங்க. ஆனா கத்தக் கூடாது. சாதாரணமாப் பேசலாம், தப்பில்ல. மறுபடி கத்தினீங்கன்னா வெட்டி எடுக்கிற மாதிரி ஆயிடும், அதுக்கப்புறம் குரல் இப்படியே இருக்கும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது' என்றார். கெட்ட கட்டி இல்லை என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது, ஆனால் இரண்டு ராத்திரியாக அந்த இல்லை மட்டும் காதிலிருந்து நழுவி நழுவிப் போகிறது. இன்றைக்கு ஒரே ஒரு பிரசவக் காட்சிதானே, கத்திவிட்டு நாளையிலிருந்து நிறுத்திக்கொண்டால் என்ன? அந்த ஒன்றில் தினை வெடித்துவிட்டால்? இயக்குநர் ஒரு டேக்கோடு விடுவாரா, இன்னும் கொஞ்சம் உயிரோட மேடம் என்பாரே, எந்த உயிரோடு?

வீட்டில் சொன்னபோது கணவர் தணிகாசலம், 'விட்டுடேன், போதும்' என்றார். அவ்வளவு லேசாக. கேஸ் அடுப்பை அணைக்கிற மாதிரி. காலையில் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார், மலைக்குப் பின்னால் சூரியன், மேலே ரோஜாப்பூ, துணிவே துணை என்று என்னவோ எழுதியிருந்தது. பக்கத்து அறையில் இருந்துகொண்டே அனுப்புவார். அவள் போனில் இடம் போதவில்லை என்று அழித்துவிடுவாள். மகள் கயல் இன்னும் நேராகக் கேட்டுவிட்டாள். 'இத்தனை வருஷத்துல உன் பேரு எந்தப் படத்துலம்மா வந்துச்சு? பேரு வராத வேலைக்கு எதுக்கு உயிரை விடுற?' 'வந்துச்சேடி, நன்றின்னு போட்டு வந்துச்சே.' 'ஆமா, இடம் கொடுத்த லாட்ஜுக்கும் சாப்பாடு போட்ட மெஸ்ஸுக்கும் நடுவுல.' மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மரகதம் சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். எதுக்கு உயிரை விடுற. அதற்குப் பதில் இருந்தது, ஆனால் பெற்ற பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நான் இன்னும் விடவில்லையடி. அதுதான் பதில். அந்தப் பழைய நாளுக்குப் பிறகு ஒரு காலைகூடத் தப்பவில்லை. உலை வைத்துவிட்டு, அன்றைய பேப்பரை எடுத்துச் சத்தமாக வாசிப்பாள். முதலில் தலைப்பு மட்டும், அதற்கே மூச்சு வாங்கியது. பிறகு ஒரு செய்தி, பிறகு ஒரு பக்கம். மழை எச்சரிக்கை, தண்ணீர் லாரி மோதல், மணமகள் தேவை எல்லாம். மணமகள் தேவையைக் கதாநாயகி குரலில் வாசிப்பாள். குக்கர் சத்தம் போட்டால் அதற்கு மேலே குரலை எடுக்காமல், நிறுத்தி, அது அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து அதே ஏற்றத்தில் தொடங்குவாள். இன்றைக்கு எந்தத் தாளைக் கொடுத்தாலும், மடித்துக் கொடுத்தாலும் ஈரத்தோடு கொடுத்தாலும், ஒரு பார்வையில் வாசித்துவிடுவாள். யாரும் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம். கொடுக்காதது அவர்கள் பாடு. வாசிப்பது தன் பாடு. இதையும் விட்டுவிட்டால் காலையில் எழுந்து யாருக்காக வெந்நீர் வைப்பது?

உள்ளே அடியாள் செத்துக்கொண்டிருந்தான். கதவு வழியாக முக்கல் கேட்டது. தொண்டையிலிருந்து எடுக்கிறார், வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்று நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு வந்தது, வயிற்றிலிருந்து எடுத்தவளுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது. வயிறு என்றதும் கயல் பிறந்த நாள் வந்து நின்றது. எல்லோருக்கும் பிள்ளை பெற்றுக் கத்திக் கொடுத்தவள், தன் பிரசவத்தில் வாயைத் திறக்கவில்லை. மறு வாரம் ஒரு படத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், தொண்டை கட்டிவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களே! புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தாள். நர்ஸம்மா குனிந்து பார்த்து, 'ஏம்மா, உனக்கு வலிக்கலையா? கத்திக்கம்மா, இங்க யாரு கேட்கப் போறா' என்றார். யாரு கேட்கப் போறா. அதனால்தானே கத்தவில்லை. கேட்கிற இடத்துக்காக எடுத்து வைத்தாள். பச்சை உடம்போடு, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இதே ஸ்டுடியோவில், இதே கதவுக்குப் பின்னால், மைக்குக்கு முன்னால் நின்று தன் பிரசவத்தைக் கத்தினாள். தணிகாசலம் கைக்குழந்தையோடு இதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார், சத்தம் கேட்டு எழுந்து நின்றுவிட்டாராம். அந்த அலறலை இவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் சத்தங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற இடத்தில், கதவு, நாய், மரகதம், மழை என்று இருக்கிறதாம். ஒலிப்பதிவு செய்கிற பெனிட்டா ஒரு நாள் பெருமையாகத் திறந்து காட்டினாள். 'அக்கா, நீங்க எங்களுக்கு சொத்துக்கா' என்றாள் அந்தப் பெண். நாய்க்கும் மழைக்கும் நடுவில். எந்த எந்தப் படத்திலோ, அவளைக் கேட்காமலே, எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு பேய்ப் படத்தில் தன் பிரசவம் கேட்டு அவள் தியேட்டரில் பாப்கார்னைக் கீழே கொட்டிவிட்டாள். அன்றைக்கு ஆத்திரம் வந்தது. இன்றைக்கும் வருகிறது. வரட்டும், அந்த ஆத்திரம் இருக்கிறவரை நல்லது.

சாதாரணமாப் பேசலாம், தப்பில்ல. டாக்டர் சொன்னதில் இவ்வளவு நேரம் கத்தக் கூடாது என்பதையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள். அதற்கு அடுத்த வாக்கியத்தை இப்போதுதான் பிடிக்கிறாள். பேசலாம். அவர் அதைச் சும்மா சொன்னார், பேனா மூடியைத் தேடிக்கொண்டே. ஆனால் யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவளிடம் அதைச் சொன்னதில்லை. எல்லோரும் கத்து என்றார்கள். ஒரு ஆள் கத்தாதே, பேசு என்கிறார், அவரும் சினிமாக்காரர் இல்லை. கத்தினால்தான் சோறு, கத்தினால்தான் ஆபத்து. பேசினால் ஆபத்தில்லை, பேசத்தான் யாரும் விடவில்லை. அப்படியானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதும் தான் முதலில் கேட்டு வந்ததும் ஒன்றுதானா? ஏமாற்றிக்கொள்கிறோமோ. இந்த வயதில் என்ன பேசக் கொடுப்பார்கள்? கதாநாயகி வேண்டாம், அந்த ஆசையைச் சுகிர்தாவின் ஐஸ்கிரீமோடு கரைத்தாயிற்று. கரைந்ததா? கரையவில்லை, சரி, கிடக்கட்டும். காலையில் கீழே ஸ்டுடியோ கேட்டின் பூட்டைத் திறக்கும்போது ஏகாம்பரம் என்ன சொன்னார்? முதல்ல உன் கத்தலை முடிச்சிடலாம்மா, அந்த நர்ஸு வேஷம், வார்டு கூட்டம் அதெல்லாம் சாயங்காலம் யாரையாவது வெச்சுப் பார்த்துக்கலாம். யாரையாவது. அவள் மடியிலிருந்த தாளைத் திருப்பினாள். நர்ஸுக்கு நாலு வரி. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், வாய் தெரியாது, எந்த வார்த்தையையும் வைக்கலாம். படிக்கத் தெரியாதவள்கூடப் பேசலாம். அவளுக்குப் படிக்கத் தெரியும்.

சிவப்பு விளக்கு அணைந்தது. ஏகாம்பரம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். 'வாம்மா மரகதம், ரெடியா? நாலு கத்து கத்திட்டு வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடு.'

அவள் எழுந்தாள். தயார் செய்து வைத்திருந்த அத்தனை வாக்கியங்களும் சோபாவிலேயே தங்கிவிட்டன. 'சார், நான் இனிமே கத்தலை.'

'என்னம்மா, தொண்டையா?' வந்துவிட்டது, அந்த இரக்கம், புருவத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

'ஆமா, தொண்டைதான். டாக்டர் பார்த்தாரு. கத்தக் கூடாதுன்னாரு. பேசச் சொன்னாரு.' பேசலாம் என்றுதான் சொன்னார். பேசச் சொன்னார் என்று ஆக்கிவிட்டாள். ஒரு காலத்தில் ஊரே சேர்ந்து அவள் சொன்னதை மாற்றிச் சொல்லிக்கொண்டது, இந்த ஒன்றை அவளே மாற்றிக்கொள்கிறாள். 'டீக்கடையில யாராவது கேட்டா இதையே சொல்லுங்க சார். மரகதத்தை டாக்டர் பேசச் சொல்லியிருக்காருன்னு.'

ஏகாம்பரம் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். 'பேச சுகிர்தாம்மா இருக்காங்களேம்மா. அதோட இன்னைக்குக் கத்தலுக்கு நான் யாரைத் தேடுவேன்?'

'யாரையும் தேட வேணாம். நாய்க்கும் மழைக்கும் நடுவுல என்னைப் போட்டு வெச்சிருக்கீங்களே, அந்தப் பிரசவத்தை எடுத்துப் போடச் சொல்லுங்க. அதைவிட நல்லா என்னால கத்த முடியாது. இந்தத் தடவை என்னைக் கேட்டுட்டுப் போடறீங்க, நான் சரின்னு சொல்றேன். நர்ஸுக்கு நான் பேசறேன்.'

'நாலு வரிம்மா அது. முதுகு மட்டும்தான் தெரியும்.'

'தெரியும் சார். படிச்சேன்.'

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளே குளிர் முகத்தில் அடித்தது. இயக்குநர் அதியன், தாடி வைத்த சின்ன வயசுக்காரர், விஷயத்தைக் கேட்டுத் தோளைக் குலுக்கினார். 'போட்டுப் பார்ப்போம் மேடம். ஒட்டலைன்னா வேற ஆளை வெச்சு எடுத்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க.' நினைக்க மாட்டேன், எடுத்துக்கங்க என்றாள். பெனிட்டா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதையோ தேடித் தட்டினாள். மரகதம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றாள். எப்போதும் ஒரு அடி தள்ளி நிற்பாள், கத்தினால் மைக் அடிவாங்கும் என்று. இன்று நெருங்கி வந்தாள், வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு கை அகலம் மட்டும் விட்டு.

திரையில் கட்டில் வந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்தாள். காதுக்குள் அலறல் புறப்பட்டது. இத்தனை வருஷத்துக்கு முந்தைய அவள், பச்சை உடம்போடு, முழுசாக. மரகதத்தின் தோள் தானாக ஏறியது, வயிறு இறுகியது, தொண்டை பழக்கத்தில் திறக்கப் பார்த்தது. அவள் கையை எடுத்துக் கழுத்தின் மேல் வைத்துக்கொண்டாள், குழந்தையை அமர்த்துகிற மாதிரி. தாளைப் பார்க்கவில்லை, தாள் முழுக்கத் தெரியும். கடைசி வரியை மட்டும் தாளில் இல்லாதபடி சொன்னாள், சமையலறையில் குக்கர் அடங்கிய பிறகு பேசுகிற அதே குரலில், உயர்த்தாமல், அலறலுக்குக் கீழே நின்றுகொண்டு.

'போதும் கண்ணு. கத்தினது போதும். மூச்சை மட்டும் விடு, நான் இருக்கேன்.'